பி.எட். படிக்க ஆகும் செலவு, படித்தபின் வரும் சம்பளம்: சேலத்துக்காரர்கள் உண்மைக் கணக்கைச் சொல்லுங்கள்

தறிவீட்டு மகள் (அம்மாப்பேட்டை):

அனைவருக்கும் வணக்கம். அரசுக் கல்லூரியில் தமிழ் வழியில் பி.எஸ்சி. கணிதம் முடித்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். மாதம் 13,000 ரூபாய். அப்பா கைத்தறி நெய்கிறார், அம்மா நூல் சுற்றித் தருகிறார்.

வீட்டில் இரண்டு மாதமாக ஒரே பேச்சு: "பி.எட். முடித்துவிடு, டீச்சர் ஆகிவிட்டால் எங்களுக்குக் கவலையில்லை." எனக்கும் பாடம் சொல்லிக் கொடுப்பது பிடிக்கும். எங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லிக் கொடுத்துக்கொண்டேதான் நான் கல்லூரிக்குப் போனேன். ஆனால் அப்பா சொசைட்டியில் கடன் வாங்கிக் கட்டுவார் என்பதால் கணக்குப் பார்க்காமல் சேர எனக்கு மனமில்லை.

வீட்டிலிருந்து முக்கால் மணி நேரப் பஸ் பயணத்தில் ஒரு தனியார் கல்வியியல் கல்லூரி இருக்கிறது. போய் விசாரித்தேன். ஆண்டுக்கு 45,000 ரூபாய், இரண்டு ஆண்டு. அலுவலகத்தில் இருந்தவர் கூடவே இன்னொன்றும் சொன்னார். தினமும் வர வேண்டியதில்லை, வேலையை விடாமலேயே படிக்கலாம், அதற்குத் தனியாக ஒரு தொகை கட்டிவிட்டால் போதும் என்றார். கேட்டதிலிருந்து குழப்பமாக இருக்கிறது. இதில் நான் கவனிக்க வேண்டியது என்ன? நீங்கள் படித்தபோது உண்மையில் எவ்வளவு ஆனது, இப்போது கையில் எவ்வளவு வருகிறது? தயவுசெய்து மறைக்காமல் சொல்லுங்கள்.

கரும்பலகை (ஓமலூர் சாலை):

தங்கை, நான் ஒன்பது ஆண்டுகளாகத் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். எம்.எஸ்சி., பி.எட். ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் எடுக்கிறேன். நீ கேட்டபடியே மறைக்காமல் சொல்கிறேன்.

கட்டணம் என்று கல்லூரி சொல்லும் தொகை பாதிக் கதைதான். எனக்குத் தேர்வுக் கட்டணம், ரெக்கார்டு நோட்டுகள், கற்பித்தல் கருவி செய்ய சார்ட்டும் தெர்மாக்கோலும், சீருடைச் சேலை இரண்டு, பயிற்சிக்குப் போன பள்ளிக்குப் பஸ் என்று இரண்டாண்டில் 35,000 ரூபாய்க்குக் குறையாமல் போனது. ரெக்கார்டு எழுதியே என் நடுவிரலில் காய்ப்புக் காய்த்தது. இரண்டாம் ஆண்டில் பதினாறு வாரம் முழுக்கப் பள்ளியில் பயிற்சி. அந்தக் காலத்தில் வேறு எந்த வேலைக்கும் போக முடியாது.

இனி சம்பளம். முதலில் சேர்ந்த பள்ளியில் 8,500. இப்போது இருப்பது மூன்றாவது பள்ளி. பதிவேட்டில் 24,000 ரூபாய்க்குக் கையெழுத்துப் போடுகிறேன், கையில் வருவது 16,500. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் உனக்குத் தெரிய வேண்டும். மே மாதம் பாதிச் சம்பளம்தான். முதல் பள்ளியில் என் அசல் சான்றிதழ்களை வாங்கிப் பீரோவில் வைத்துக்கொண்டார்கள். ஆண்டின் நடுவில் நின்றால் தரமாட்டோம் என்றார்கள். டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றபின் சான்றிதழ் சரிபார்ப்புக்காக அவற்றைத் திரும்ப வாங்க நான் நான்கு முறை நடந்தேன். எந்தப் பள்ளியில் சேர்ந்தாலும் நகல் மட்டும் கொடு. அசலைக் காட்டிவிட்டு உன் பையிலேயே போட்டுக்கொண்டு வந்துவிடு.

மாலை நான்கு மணிக்கு வீடு என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சொல்வது. பத்தாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு ஆறு மணி வரை. அதன்பின் வீட்டில் அறுபது விடைத்தாள்.

ஆத்தூர் வாத்தியார் (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்):

அம்மா, தனியார் பள்ளி நிலவரத்தை அந்த டீச்சர் சொல்லிவிட்டார். அரசுப் பள்ளிப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

நான் 1986இல் பி.எட். முடித்தபோது அது ஓராண்டுப் படிப்பு. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, பதிவு மூப்பு வரும்வரை காத்திருந்தோம். அந்தக் காலம் போய்விட்டது. 2015-16 கல்வியாண்டு முதல் பி.எட். இரண்டு ஆண்டாகிவிட்டது. கல்வி உரிமைச் சட்டம் வந்தபின், நம் மாநிலத்தில் 2011 நவம்பரில் அரசாணை போட்டு, 2012இல் முதல் ஆசிரியர் தகுதித் தேர்வை நடத்தினார்கள். 2018இல் இன்னோர் அரசாணை வந்தது. அதன்படி டெட் தேர்ச்சி பெற்றால் மட்டும் வேலை இல்லை, அதற்குமேல் ஒரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும். ஆக, ஆறு முதல் பத்து வரை எடுக்கும் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு இப்போது மூன்று படி: பி.எட்., டெட் இரண்டாம் தாள், போட்டித் தேர்வு. இதில் இரண்டு தேர்வுகளும் ஆண்டுதோறும் நடப்பதில்லை. டெட் 2013க்குப் பின் 2017, 2019, 2022, 2025 என்று இடைவெளி விட்டுவிட்டுத்தான் வந்தது.

ஏறிவிட்டால் சம்பளம் நல்ல சம்பளம். ஏழாவது ஊதியக் குழுக் கணக்கில், தொடக்க வகுப்பு எடுக்கும் இடைநிலை ஆசிரியருக்குத் தொடக்கம் 20,600. பட்டதாரி ஆசிரியருக்கு 36,400. முதுகலை ஆசிரியருக்கு 36,900. இது அடிப்படைச் சம்பளம் மட்டும். இதன்மேல் 2025 ஜூலை முதல் 58 சதவீதம் அகவிலைப்படி, அப்புறம் வீட்டு வாடகைப்படி. ஓய்வூதியத்துக்காகப் பத்து சதவீதம் பிடிப்பார்கள்.

முதுகலை ஆசிரியருக்கும் பட்டதாரி ஆசிரியருக்கும் தொடக்கத்தில் 500 ரூபாய்தான் வித்தியாசம் என்று பார்த்துவிடாதீர்கள். மேல்நிலை வகுப்பு எடுக்கும் முதுகலை ஆசிரியர் பணிக்கு டெட் தேவையில்லை. எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் இருந்தால் நேரே போட்டித் தேர்வு எழுதலாம். 2025இல் 1,996 முதுகலை இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. பி.எட். மட்டும் வைத்திருப்பவருக்கு ஒரு கதவு என்றால், எம்.எஸ்சி.யும் சேர்த்து வைத்திருப்பவருக்கு இரண்டு கதவு.

ஒரு தப்பெண்ணத்தையும் இங்கேயே போக்கிவிடுகிறேன். பி.எட். படித்தால் தொடக்கப் பள்ளியிலும் வேலை கிடைக்கும் என்று உங்கள் வீட்டில் நினைத்திருக்கலாம். ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கு பி.எட். தகுதியாகாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதற்குத் தொடக்கக் கல்விப் பட்டயம்தான் வேண்டும். நம் உத்தமசோழபுரத்தில் இருக்கும் மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவனம் நடத்துவது அந்தப் படிப்பைத்தான்.

2013 தேர்ச்சி:

ஐயா சொன்ன மூன்று படியில் இரண்டாவது படியில் நின்றுகொண்டிருப்பவன் நான். 2013 ஆகஸ்டில் டெட் இரண்டாம் தாள் எழுதினேன். 150க்கு 93. ஊரில் இனிப்புக் கொடுத்தோம்.

அடுத்த ஆண்டு மே மாதம், மதிப்பெண்களைச் சேர்த்துப் பார்த்து வேலைக்கு ஆள் எடுக்கும் வெயிட்டேஜ் முறையை மாற்றினார்கள். டெட் மதிப்பெண்ணுக்கு 60, மீதி 40 பிளஸ் டூ, பட்டம், பி.எட். மதிப்பெண்களுக்கு. நான் பிளஸ் டூ எழுதிய காலத்தில் 1,200க்கு 850 வாங்கினாலே பள்ளியில் முதல் மூன்று பேருக்குள் வந்துவிடலாம். பத்தாண்டு கழித்துப் படித்தவர்கள் 1,100க்கு மேல் வாங்கினார்கள். டெட்டில் என்னைவிடக் குறைவாக வாங்கியவர்கள் வேலைக்குப் போனார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. விளையாட்டு பாதி நடந்தபோது விதியை மாற்றியதுதான் இன்றுவரை ஆறவில்லை.

பிறகு அந்த வெயிட்டேஜும் போய்ப் போட்டித் தேர்வு வந்தது. 2024 பிப்ரவரியில் அதையும் எழுதினேன், சில மதிப்பெண்ணில் தவறியது. இதற்கிடையில் பயிற்சி மையங்களுக்குக் கட்டியது 40,000க்கு மேல். சென்னையில் போராட்டத்துக்குப் போய்வந்த செலவு தனி. டெட் சான்றிதழுக்கு முன்பு ஏழு ஆண்டுதான் ஆயுள் என்றிருந்து, 2021இல் வாழ்நாள் முழுக்கச் செல்லும் என்றாக்கினார்கள். வயது வரம்பையும் பொதுப் பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58 என்று உயர்த்திவிட்டார்கள்.

நல்லதுதானே என்பார்கள். நல்லதுதான். ஆனால் கதவு ஒருபோதும் முழுதாக மூடாது என்பதால்தான் என்னைப் போன்றவர்கள் வாசலிலேயே நிற்கிறோம். அடுத்த அறிவிப்பு, அடுத்த அறிவிப்பு என்று முப்பதுகள் போய்விட்டன. இப்போது ஆத்தூர்ப் பக்கம் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் மேற்பார்வை வேலை, மாதம் 19,000. தங்கை, படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. எத்தனை முறை தேர்வு எழுதுவேன், எந்த வயதில் நிறுத்துவேன் என்று சேருவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி அம்மா கையில் கொடுத்துவிடு. எனக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை.

சூரமங்கலம் கணக்கர்:

தங்கை கணக்கு எழுதுபவர் என்பதால் நேராகவே எண்களைப் போடுகிறேன்.

கல்லூரிக் கட்டணம் 90,000. கரும்பலகை டீச்சர் சொன்ன மற்ற செலவு 35,000. இரண்டும் சேர்ந்து 1,25,000. இதைத்தான் எல்லோரும் பி.எட். செலவு என்கிறார்கள். பெரிய செலவை யாரும் எழுதுவதில்லை. நீங்கள் வேலையை விட்டால் 13,000 வீதம் 24 மாதத்துக்கு 3,12,000 வராமல் போகிறது. ஆக மொத்தம் 4,37,000.

இனி வரவு. இரண்டாண்டு கழித்துக் கடையிலேயே இருந்திருந்தால் 15,500 வாங்கிக்கொண்டிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தனியார் பள்ளியில் புதிதாகச் சேரும்போது 14,000 தருவார்கள் என்று வைத்தால் மாதம் 1,500 நஷ்டம். மாலையில் டியூஷனில் 6,000 வந்தால் மாதம் 4,500 கூடுதல், ஆண்டுக்கு 54,000. போட்ட முதல் திரும்ப எட்டு ஆண்டு ஆகும்.

அதே பட்டத்தோடு அரசுப் பட்டதாரி ஆசிரியராக நுழைந்தால்? 36,400க்கு 58 சதவீதம் சேர்த்தால் 57,512. பத்து சதவீதப் பிடித்தம் போனால் 51,761. வாடகைப்படியை நான் சேர்க்கவில்லை. கடைச் சம்பளத்தைவிட மாதம் 36,000 சொச்சம் கூடுதல். போட்ட முதல் ஒரே ஆண்டில் வந்துவிடும்.

ஒரே படிப்பு, ஒரே சான்றிதழ். ஒரு பக்கம் எட்டு ஆண்டு, இன்னொரு பக்கம் ஓர் ஆண்டு. நடுவில் நிற்பது அந்தத் தேர்வு. எனவே பி.எட். என்பது சம்பளம் தரும் படிப்பு இல்லை, தேர்வு எழுத உரிமை தரும் படிப்பு. அந்த உரிமைக்கு 4,37,000 கொடுக்கலாமா, குறைவாக வாங்க வழி உண்டா என்று பாருங்கள்.

கடன் வாங்குவதாக இருந்தால் சொசைட்டிக்குப் போகும் முன் வங்கியில் கல்விக் கடன் கேளுங்கள். 4 லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது. 1,50,000 ரூபாயை 11 சதவீத வட்டியில் ஐந்தாண்டில் அடைத்தால் மாதத் தவணை 3,261. பதினான்காயிரம் சம்பளத்தில் அது கிட்டத்தட்டக் கால் பங்கு.

எடப்பாடி டியூஷன்:

கணக்கரின் கணக்கில் ஒரு வரியை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். டியூஷன் வருமானத்தை ஏன் பி.எட். வரவில் சேர்த்தீர்கள்? பன்னிரண்டு ஆண்டாக வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். "நீங்கள் பி.எட். முடித்தவரா?" என்று இதுவரை ஒரு பெற்றோர்கூடக் கேட்டதில்லை. போன ஆண்டுப் பிள்ளைகள் எத்தனை மதிப்பெண் வாங்கினார்கள் என்றுதான் கேட்கிறார்கள். தங்கை இன்றைக்கே பி.எஸ்சி.யோடு டியூஷன் தொடங்கலாம். அந்த 6,000ஐ எடுத்துவிட்டுப் பாருங்கள், தனியார் பள்ளிக்காக மட்டும் பி.எட். படித்தால் போட்ட பணம் திரும்பவே திரும்பாது.

சூரமங்கலம் கணக்கர்:

சரிதான். அந்த வரியை நீக்கிவிடுகிறேன். ஆனால் தனியார் பள்ளி வரவில் நான் இரண்டை விட்டுவிட்டேன், அவற்றையும் சேர்க்க வேண்டும்.

ஒன்று வருங்கால வைப்பு நிதி. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பள்ளி பி.எஃப். கட்டியாக வேண்டும். 15,000 சம்பளத்துக்கு உங்கள் பங்கு 1,800, பள்ளியின் பங்கும் 1,800. இன்னொன்று பணிக்கொடை, அதாவது வேலையைவிட்டு விலகும்போது பள்ளி தர வேண்டிய கிராஜுவிட்டி. தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று 2022 ஆகஸ்ட் 29இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அதுவும் 1997 ஏப்ரல் முதல் கணக்கிட்டு. ஐந்து ஆண்டு தொடர்ந்து ஒரே பள்ளியில் இருந்தால் போதும். கடைசிச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 18,000 சம்பளத்தில் பத்தாண்டு இருந்தால் 1,03,846 ரூபாய்.

கரும்பலகை டீச்சரிடம் ஒரு வேண்டுகோள். கையெழுத்துப் போடும் 24,000க்கும் கையில் வரும் 16,500க்கும் உள்ள வித்தியாசத்தை ஒவ்வொரு மாதமும் தேதியோடு தனியாக எழுதி வையுங்கள். உங்கள் பணிக்கொடைக் கணக்கு எந்தத் தொகையில் வர வேண்டும் என்பது பின்னால் பெரிய கேள்வியாகும்.

கரும்பலகை:

பணிக்கொடை உண்டு என்பதே இன்றுதான் எனக்குத் தெரியும். முதல் பள்ளியில் நான்கு ஆண்டு இருந்து விலகினேன். இன்னும் ஓராண்டு பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கலாம். எங்கள் ஆசிரியர் அறையில் பதினோரு பேர் இருக்கிறோம், நாளைக்கே சொல்கிறேன்.

தங்கை, நீ கேட்ட இன்னொரு கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அந்தக் கல்லூரியில் "தினமும் வர வேண்டாம்" என்றார்களே, அதற்கு மட்டும் தலையாட்டாதே. வகுப்புகளுக்கு 80 சதவீதமும் பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதமும் வருகை இருக்க வேண்டும் என்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் விதி. பணம் வாங்கிக்கொண்டு வருகைப் பதிவில் எழுதுவது பொய்க் கையெழுத்து. ஒருநாள் ஆய்வு வந்தால் கல்லூரி தப்பித்துக்கொள்ளும், உன் சான்றிதழ் மாட்டிக்கொள்ளும்.

அதைவிட முக்கியமானது, அப்படிப் படித்தால் உனக்கு ஒன்றுமே வராது. எங்களுக்கு நுண்ணிலைக் கற்பித்தல் என்று ஒரு பயிற்சி இருந்தது. எதிரில் பத்துப் பேர், ஐந்தாறு நிமிடம், ஒரே ஒரு திறன். அன்றைக்கு எனக்கு வந்தது கேள்வி கேட்கும் திறன். முக்கோணத்தின் மூன்று கோணங்களைக் கூட்டினால் 180 பாகை என்று நடத்தினேன். நான் கேட்ட கேள்விகள் எல்லாவற்றுக்கும் "ஆமாம்" என்று பதில் வந்தது. முடிந்ததும் எங்கள் மேடம் என் நோட்டில் எழுதினார்: "ஒன்பது கேள்வி. ஒன்றுக்காவது யோசிக்க வேண்டியிருந்ததா?" மறுநாள் ஒரு காகித முக்கோணத்தின் மூன்று முனைகளையும் கிழித்து ஒரு கோட்டில் ஒட்டவைத்து, என்ன தெரிகிறது என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். இன்றுவரை ஒன்பதாம் வகுப்பில் அப்படித்தான் தொடங்குகிறேன். அந்த இரண்டாண்டில் எனக்குக் கிடைத்த சொத்து அதுதான். கல்லூரிக்கே போகாமல் பட்டம் வாங்கிய ஒருவர் என் பக்கத்து வகுப்பில் இருக்கிறார். பிள்ளைகள் இடைவேளையில் என்னிடம் வந்து சந்தேகம் கேட்கிறார்கள்.

தறிவீட்டு மகள்:

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு கணக்கர் அண்ணா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். 3,12,000 என்றதும், "அட, அதை நான் நினைக்கவே இல்லையே" என்றார். அம்மா மட்டும் "பணம் இருக்கட்டும், மரியாதை இருக்கிறதல்லவா" என்கிறார்.

இரண்டு சந்தேகம். செலவைக் குறைக்க அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்குமா? மலைப் பக்கம் தற்காலிக ஆசிரியராகப் போனால் ஏதாவது பயன் உண்டா? ஏற்காட்டில் எங்களுக்கு உறவினர் இருக்கிறார்கள்.

சேர்வராயன் மழை (ஏற்காடு):

தங்கை, மலையில் நான்கு ஆண்டாகக் கற்பிக்கிறேன். முதலில் இரண்டாண்டு ஓர் அரசுப் பள்ளியில் தற்காலிகப் பட்டதாரி ஆசிரியை. இப்போது ஒரு தனியார் விடுதிப் பள்ளியில் இருக்கிறேன்.

மாநிலம் முழுக்க 2022இல் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை எடுத்தார்கள். முதலில் 7,500, 10,000, 12,000 என்று இருந்ததைப் பிறகு இடைநிலைக்கு 12,000, பட்டதாரிக்கு 15,000, முதுகலைக்கு 18,000 என்று உயர்த்தினார்கள். கல்வியாண்டு முடிந்தால் வேலையும் முடிந்தது. ஜூன் மாதம் மறுபடி கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். நிரந்தர வேலைக்கு இந்த அனுபவம் முன்னுரிமை தரும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதே.

ஆனால் அந்த இரண்டாண்டை நான் வீண் என்று எண்ணவில்லை. என் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள். நவம்பரில் காப்பிப் பழம் பறிக்கும் காலம் தொடங்கியதும் வருகைப் பதிவேட்டில் பாதிக் கட்டம் காலியாகும். பெற்றோர் பறிக்கப் போனால் மூத்த பிள்ளை வீட்டில் தங்கி இளையதைப் பார்க்க வேண்டும். ஒருநாள் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். அன்றைக்கு விகிதம் நடத்தினேன். எத்தனை கிலோ பழம் பறித்தால் எத்தனை ரூபாய் என்று கரும்பலகையில் எழுதியதும், அவன் நான் முடிப்பதற்குள் விடை சொல்லிவிட்டான். அம்மாவின் கூலியை வாரம்தோறும் கணக்குப் பார்த்து வாங்குகிறவன் அவன்தான். அந்த ஆண்டு முழுக்க என் பாடக்குறிப்பை அவனை மனதில் வைத்தே எழுதினேன்.

பணக் கணக்கும் சொல்கிறேன். இப்போது எனக்குச் சம்பளம் 17,000. தங்குமிடமும் மூன்று வேளைச் சாப்பாடும் பள்ளியில். மாதம் 13,500 வரை மிச்சம் பிடிக்கிறேன். கீழே சேலத்தில் 20,000 வாங்கும் என் தோழியால் 5,000கூட மிச்சம் பிடிக்க முடியவில்லை. இங்கே 1917இல் தொடங்கிய மான்ஃபோர்ட் முதல் பல விடுதிப் பள்ளிகள் இருக்கின்றன. ஆனால் விடுதிப் பள்ளி என்றால் இரவுப் படிப்பு வேளையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பொறுப்பு உண்டு. நமக்கென்று நேரம் இருக்காது. போட்டித் தேர்வுக்குப் படிக்க எனக்குக் கிடைப்பது விடியற்காலை நாலரை முதல் ஆறு வரைதான். ஆங்கிலத்தில் சரளமாகப் பேச வேண்டும் என்பதும் உண்மை. தமிழ் வழியில் படித்த நான் முதல் ஆறு மாதம் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகினேன்.

ஆத்தூர் வாத்தியார்:

அரசுக் கல்லூரி பற்றி அம்மா கேட்டிருந்தார். மாநிலத்தில் அரசுக் கல்வியியல் கல்லூரிகள் 7, அரசு உதவிபெறும் கல்லூரிகள் 14. சேலத்துக்கு அருகில் குமாரபாளையத்தில் ஓர் அரசுக் கல்லூரி இருக்கிறது. சங்ககிரி வழியாகப் பஸ்ஸில் போய்வரலாம், நீளப் பயணம்தான். இந்த இடங்களை ஒற்றைச் சாளர முறையில் பட்டப்படிப்பு மதிப்பெண்ணையும் இட ஒதுக்கீட்டையும் பார்த்துத் தருகிறார்கள். கட்டணம் தனியார் கல்லூரியோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய தொகை. முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். கிடைக்காவிட்டால் மட்டும் மற்றதை யோசியுங்கள்.

நீங்கள் தமிழ் வழியில் பட்டம் முடித்தவர் என்று எழுதியிருந்தீர்கள். அதன் மதிப்பு உங்களுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. பின்னர் அதைத் திருத்தி, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்றாக்கினார்கள். நீங்கள் முதல் வகுப்பிலிருந்து தமிழ் வழி என்றால், பி.எட்.டையும் தமிழ் வழியிலேயே முடியுங்கள். எம்.எஸ்சி. படித்தாலும் அப்படியே. நடுவில் ஒன்றை ஆங்கில வழியில் படித்துவிட்டால், அந்தப் படிப்பைத் தகுதியாகக் கேட்கும் பணிக்கு இந்தச் சலுகை போய்விடும். என் பள்ளியில் பணியாற்றிய தற்காலிக ஆசிரியை ஒருவர், ஆங்கில வழியில் படித்தால் மதிப்பு என்று யாரோ சொன்னதைக் கேட்டு இதைத் தொலைத்தார். ஒவ்வொரு நிலையிலும் தமிழ் வழிச் சான்றிதழைப் படிக்கும்போதே வாங்கி வையுங்கள். பத்தாண்டு கழித்துத் தொடக்கப் பள்ளியில் போய்க் கேட்டால் பழைய பதிவேட்டைத் தேடவே ஒரு வாரம் ஆகும்.

2025 செப்டம்பர் தீர்ப்பைப் பற்றியும் சிலர் பேசுகிறார்கள். ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் பணியிலுள்ள ஆசிரியர்களும் இரண்டாண்டுக்குள் டெட் தேற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இதனால் இடங்கள் நிறையக் காலியாகும் என்று சொல்லிப் பயிற்சி மையங்கள் ஆள் சேர்க்கின்றன. அந்தக் கணக்கில் முதல் போடாதீர்கள். இருபதாண்டு பாடம் நடத்தியவர்கள் பேத்தி வயதுப் பெண்களோடு உட்கார்ந்து உளவியல் படிக்கிறார்கள். அவர்கள் வேலை போனால்தான் நமக்கு வேலை என்று ஓர் ஆசிரியர் தன் வாழ்க்கையைத் தொடங்கக் கூடாது.

தறிவீட்டு மகள்:

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள். கடையில் முகூர்த்த மாத ஆர்டர்.

ஐயா சொன்னதும் தேடிப் பார்த்தேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து கல்லூரி வரை எனக்கு எல்லாமே தமிழ் வழி. தொடக்கப் பள்ளிக்கு நேற்றே போய் விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். தலைமையாசிரியை என் பெயரைப் பழைய பதிவேட்டில் கண்டுபிடித்துச் சிரித்தார். அதில் என் பெயருக்குப் பக்கத்தில் அப்பாவின் கைநாட்டு இருக்கிறது.

வீட்டில் பேசி முடிவு செய்தது இது. அரசு அல்லது அரசு உதவிபெறும் கல்லூரியில் தமிழ் வழியில் இடம் கிடைத்தால் மட்டும் இந்த ஆண்டு பி.எட். கிடைக்காவிட்டால் அரசுக் கல்லூரியில் எம்.எஸ்சி. சேர்ந்துவிட்டு அடுத்ததாக பி.எட். அந்த 45,000 ரூபாய்க் கல்லூரிக்குப் போகப்போவதில்லை. 2013 அண்ணா சொன்னபடி தாளில் எழுதி அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்: பி.எட். முடித்தபின் நான்கு தேர்வு, அல்லது 32 வயது, எது முதலில் வருகிறதோ அதுவரை. அம்மா அதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.

திங்கட்கிழமை முதல் எங்கள் திண்ணையில் டியூஷன். இப்போதைக்கு ஐந்து பேர், தலைக்கு 400. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் ஆறரை மணிக்கு நிற்கும், அதற்குப் பின்தான் தொடங்க முடியும்.

கரும்பலகை டீச்சர், காகித முக்கோணத்தை முதல் நாளே செய்து பார்க்கப் போகிறேன்.

கரும்பலகை:

மூன்று முனைக்கும் மூன்று வண்ணம் அடித்துவிட்டுக் கிழிக்கச் சொல். இல்லாவிட்டால் எது முனை, எது கிழிந்த ஓரம் என்று பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள். எங்கள் ஆசிரியர் அறையில் பணிக்கொடைத் தீர்ப்பைச் சொன்னேன். ஏழு பேர் தங்கள் சம்பளச் சீட்டைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

2013 தேர்ச்சி:

தங்கை, ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான கணக்குப் புத்தகமும் அறிவியல் புத்தகமும் என்னிடம் முழுதாக இருக்கின்றன. 2018-19 முதல் வந்த புதிய பாடத்திட்டம்தான், டெட் இரண்டாம் தாளில் 60 கேள்வி அதிலிருந்து வரும். ஓரத்தில் பென்சிலால் குறிப்பு எழுதியிருக்கிறேன், தொந்தரவாக இருந்தால் அழித்துக்கொள். நானும் இன்னும் ஒரு முறை எழுதுவதாக இருக்கிறேன், ஆனால் எனக்கு அவை மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமை சேலம் வருகிறேன். பழைய பஸ் நிலையத்தில் பத்து மணிக்கு அப்பாவை அனுப்பிவை. மூட்டை கனமாக இருக்கும், சைக்கிளில் வந்தால் கேரியரில் கட்ட ஒரு கயிறும் எடுத்துவரச் சொல்.